ஸ்டார்ட்அப்புக்கு மூன்று நாள், நுட்பத்துக்கு மூன்று நாள்

அஹமது கபீர் இணையத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதற்காக அவருக்கு மூக்கு உடைந்தது, ஒரு விலா எலும்பில் விரிசல் விழுந்தது, முன்பல் ஒன்று தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் பாயசத் தவலைக்கு அடியில் போய்விட்டது. கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. ஆனால் நடந்தது எல்லாமே மன்றத்தின் விதிப்படிதான் நடந்தது. அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கபீருக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். ஷார்ஜாவில் ஒரு சென்ட்டுக் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பினார். கையில் இருந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, நெல் காயவைக்கிற இயந்திரம் ஒன்று வாங்கிப் போடலாம் என்று பட்டது. குறுவை அறுப்பும் மழையும் பெரும்பாலும் சேர்ந்துதான் வருகின்றன. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைக்க வெயில் இருக்காது. ஆகவே ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு ஒரு டிரையரை நிறுத்தினார். சென்ட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் என்பதால், ஒரு பொத்தானை அமுக்கினால் மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் டிரையராகப் பார்த்து வாங்கினார். அதன் நெற்றியில் ஒரு மூளைப்பெட்டி இருந்தது. பெட்டியின் பெயர் கதிர்மூளை. சென்னையில் ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனி செய்தது.

இரண்டு பருவம் நன்றாக ஓடியது. மூன்றாவது குறுவையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, பெட்டியின் சின்னத் திரையில் 'உரிமம் முடிந்தது, நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணை இடவும்' என்று எழுத்து வந்தது. அதோடு டிரையர் நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். "எல்லா ஒயரும் இது வழியாத்தான் போவுது பாய். நான் கை வச்சு பர்னர் வெடிச்சா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

கொட்டகைக்குள் முருகையனுடைய குறுவை முழுவதும் குவிந்து கிடந்தது. முருகையனுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். இரண்டிலும் விளைந்தது அந்த ஒரு குவியல்தான். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் முளைக்கும். முளைத்தால் வாத்துக்குப் போடலாம், மனிதனுக்கு ஆகாது.

மறுநாள் விடிந்ததும் முருகையன் கடப்பாரையோடு வந்தார். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்தார்.

"பாய், கதகதன்னு இருக்கு. கைய விட்டுப் பாருங்க."

கபீர் கையை விட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது.

"ஏதாச்சும் பண்ணிடுவேண்ணே. ரெண்டு நாள் குடுங்க."

"குடுக்கறேன். ஆனா நெல்லு மொளச்சுதுன்னா நான் உங்கள அடிப்பேன் பாய். கோவத்துல இல்ல. வேற என்ன பண்றதுன்னு தெரியாம."

இதைச் சொல்லிவிட்டுக் கடப்பாரையைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கபீரின் மைத்துனர் ஹஸ்ஸான் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். அவர்தான் போனில் சொன்னார். "மச்சான், காவேரி டெக் மன்றத்துல கேளுங்க. இன்டர்நெட்ல இருக்கு. நம்ம பக்கத்து ஆளுங்கதான் பூராவும். கம்ப்யூட்டர்ல அவங்களுக்குத் தெரியாதது கெடயாது. அந்தப் பெட்டியச் செஞ்ச சாய்ராமே அதுல இருக்கான்."

காவேரி டெக் மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் பிறந்து, படித்து, நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட காலத்தில் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் ஹூஸ்டனுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் நடத்தும் தளம் அது. தமிழில் கம்ப்யூட்டர் விஷயம் எழுதவேண்டும் என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அது இரண்டாக உடைந்தது. ஒரு தரப்பு ஸ்டார்ட்அப் செய்தி போடுகிறவர்கள். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு முதலீடு வந்தது, அதை ஆரம்பித்தவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்பது அவர்கள் எழுத்து. இன்னொரு தரப்பு நுட்பக் கட்டுரைக்காரர்கள். ஒரு கட்டுரை பதினெட்டுப் பகுதியாக வரும், முதல் பகுதி முன்னுரைக்கு முன்னுரையாக இருக்கும். தளத்தின் முதல் பக்கத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம். அதில் யாருக்கு எத்தனை என்பதில் சண்டை.

சண்டையைத் தீர்க்கத் தலைவராக வந்தவர் மன்னார்குடி இராஜாங்கம். பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரை அணைக்க மட்டும் தெரியும். ஆனால் தண்ணீர்த் தகராறில் ஊறியவர். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருஷங்களில் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள் அல்லவா, அதை அப்படியே முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். திங்கள், செவ்வாய், புதன் ஸ்டார்ட்அப் முறை. வியாழன், வெள்ளி, சனி நுட்ப முறை. ஞாயிற்றுக்கிழமை மதகு ஷட்டரை இறக்கி மராமத்து. பழைய உறுப்பினர்கள் தலைமடை. அவர்கள் எழுதியது முதலில் பாயும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கடைமடை. மிச்சம் இருந்தால் வரும். வெளியே இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். மன்றத்தில் எல்லோரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

கபீர் செவ்வாய்க்கிழமை சேர்ந்தார். செவ்வாய்க்கிழமையே எழுதினார். 'அனைவருக்கும் சலாம், வணக்கம். கதிர்மூளைப் பெட்டி ஏதோ எண் கேட்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும். நெல் சூடாகிக்கொண்டிருக்கிறது.'

ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தலைவரின் தாக்கீது இருந்தது. 'மேற்படி கேள்வி நுட்பம் சார்ந்தது. இன்று ஸ்டார்ட்அப் முறை. முறை தவறி மடை திறந்தமைக்கு முதல் எச்சரிக்கை.'

வியாழன் வரை கபீர் காத்திருந்தார். முருகையனும் காத்திருந்தார். வியாழன் காலையில் திரும்ப எழுதினார். இந்த முறை எடுத்தது நுட்பப் பிரிவின் செயலாளர் ஹம்சத்வனி. தஞ்சாவூர்ப் பெண், பெங்களூரில் பெரிய உத்தியோகம். 'இது ஒரு ஸ்டார்ட்அப் விற்ற பொருளைப் பற்றிய புகார். நுட்பப் பிரிவு வாடிக்கையாளர் சேவை மையம் அல்ல. இரண்டாவது எச்சரிக்கை.'

கபீர் இராஜாங்கத்துக்குப் போன் போட்டார்.

"சார், செவ்வாக்கெழம கேட்டா வியாழக்கெழம வாங்கன்னீங்க. வியாழக்கெழம வந்தா செவ்வாக்கெழம விஷயம்ங்கிறாங்க."

"கரெக்ட்டுதான். ரெண்டு பேரும் கரெக்ட்டு."

"அப்ப நான் எப்ப சார் கேக்குறது?"

"உங்க கேள்வி எந்தப் பிரிவுன்னு மொதல்ல முடிவாவணும்ல? வாய்க்காலே இல்லாத வயலுக்கு எந்த ஷட்டரத் தொறக்கச் சொல்றீங்க?"

"சார், பதில் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் போதும் சார். நாலு எண்ணுதான்."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. ஒரு வயலுக்கு ஒரு நிமிஷம் தண்ணி காட்டினா அப்புறம் முறைன்னு ஒண்ணு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இராஜாங்கம் போனை வைத்தார்.

அன்று மாலை விவகாரம் பெரிதாயிற்று. ஹூஸ்டனில் இருந்த ஸ்டார்ட்அப் தரப்பு உறுப்பினர் ஒருவர், நெல் காயவைக்கும் தொழில்முனைவர் ஒருவரின் போராட்டம் ஸ்டார்ட்அப் செய்திதான், அதை நுட்பக்காரர்கள் அமுக்குகிறார்கள் என்று எழுதினார். அதுவரை யாருக்கும் வேண்டாத கேள்வி உடனே எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. உரிமப் பூட்டு என்பது சுத்தமான நுட்பம், அதைத் திருட வருகிறார்கள் என்று சிங்கப்பூரில் இருந்து, ஹஸ்ஸான் அல்லாத வேறொரு நுட்பக்காரர் திருப்பி எழுதினார். ஹூஸ்டன்காரர் சிங்கப்பூர்க்காரரின் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதினார்.

சிங்கப்பூர்க்காரருக்கு ஹூஸ்டன்காரர் கைக்கு எட்டவில்லை. ஒரத்தநாட்டில் இருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் ஆட்களோடு போய் ஹூஸ்டன்காரரின் அப்பாவுடைய மோட்டார் கொட்டகையை இடித்தார். அப்பா தடுத்தார். அவருடைய கையையும் உடைத்தார்கள்.

"எதுக்குடா அடிக்கிறீங்க?" என்று அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார்.

"மொத பக்கத்துல எடம் கேட்டாராம் உங்க புள்ள."

"எந்தப் பத்திரிகையில?"

அடித்தவர்களுக்கு அது தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கையையும் உடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஹூஸ்டனில் இருந்து உத்தரவு வந்தது. சிங்கப்பூர்க்காரரின் தம்பி பேராவூரணி கடைத்தெருவில் சைக்கிள் செயினால் அடிக்கப்பட்டார். சனிக்கிழமை திருவாரூரில் ஒரு கார் எரிந்தது. அதன் சொந்தக்காரர் மன்றத்தில் உறுப்பினரே இல்லை, பெயர்க் குழப்பம். திட்டமிடுவது வெளிநாட்டில், செய்து முடிப்பது உள்ளூரில் என்கிற ஏற்பாட்டுக்கு எல்லோரும் உத்தியோகத்தில் பழகியவர்கள்தான். அதனால் வேலை சுத்தமாக நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் போட்டோ போனது. அடித்த பிறகு 'டன்' என்று செய்தி போனது.

கபீருக்குச் சோறு இறங்கவில்லை. "நான் என்ன அப்படிக் கேட்டுட்டேன்" என்று மனைவி நூர்ஜஹானிடம் கேட்டார்.

"நீங்க ஒரு பொத்தான அமுக்கினீங்க. எல்லாம் தானா நடக்குது" என்றார் நூர்ஜஹான்.

சனிக்கிழமை மத்தியானம் தலைவர் அவசரப் பொதுக்குழு கூட்டினார். ஞாயிறு காலை, தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். கபீர் தவறாமல் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. கபீருக்குச் சந்தோஷம்தான். சாய்ராம் வருகிறார், ஹம்சத்வனியும் வருகிறார். எழுத்தில் கிடைக்காத பதில் நேரில் கிடைத்துவிடும். எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சிப் பெட்டியைக் கழற்றச் சொல்லி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். புறப்படும்போது முருகையன் குவியலில் இருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். நெல் மூக்கில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"இன்னிக்குச் சாயந்திரம் பெட்டி ஓடணும் பாய். நாளைக்குன்னா இல்ல."

மண்டபத்தில் இடது பக்கம் ஸ்டார்ட்அப் தரப்பு, பனியனில் வாசகம் எழுதிப் போட்டிருந்தார்கள். வலது பக்கம் நுட்பத் தரப்பு, கசங்கின சட்டை. நடுவில் நடைபாதை. வெளிநாட்டு உறுப்பினர்கள் பெரிய திரையில் சதுரம் சதுரமாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் தரையில் ஒரு மச்சானோ சித்தப்பா மகனோ பிரதிநிதியாக நின்றார். பிரதிநிதிகள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

முதலில் சாய்ராம் பேசினார். கும்பகோணத்துப் பையன், முப்பது வயதிருக்கும், காதில் மாட்டிக்கொள்ளும் மைக்கை வீட்டில் இருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கதிர்மூளை தோத்துப்போச்சுன்னு சில பேர் எழுதறாங்க. நாங்க தோக்கல. வெற்றிகரமா வெளியேறிட்டோம். கம்பெனி இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். நாங்க இத ஆரம்பிச்சதே விவசாயிக்காக. ஒரு விவசாயிய நேர்லயே பாத்திருக்கேன். போட்டோ இருக்கு. எங்களப் பத்தி இந்த மன்றத்துல வந்த செய்தியெல்லாம் ஒண்ணாக் கட்டினா ஒரு கட்டில் உசரம் வரும். அவ்வளவு செய்தி வந்த ஒரு பொருள் ஓடலன்னா, தப்பு பொருள் மேலயா இருக்கும்?"

இடது பக்கம் கைதட்டினார்கள். அடுத்து ஹம்சத்வனி எழுந்தார்.

"நான் எழுதறது யாருக்கும் புரியறதில்லைன்னு சொல்றா. புரிஞ்சுதுன்னா அது நுட்பமே இல்லை, பேச்சு. என்னோட பதினெட்டாவது பகுதியை இதுவரைக்கும் நாலு தடவை தொறந்து படிச்சிருக்கா. அதுல மூணு தடவை நான். மீதி ஒண்ணு எங்க அண்ணா, தவறுதலா. எண்ணிக்கை முக்கியம் இல்லை, ஆழம்தான் முக்கியம். அவசரம், நெல், மழைன்னு வர்றவாளுக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு இந்தத் தளம் உபயோகமான எடம்னு பேர் வாங்கிடும். அப்புறம் தரத்தை யார் காப்பாத்தறது?"

வலது பக்கம் தலையை மட்டும் ஆட்டினார்கள். கடைசியில் இராஜாங்கம் மைக்கைப் பிடித்தார்.

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ரிட்டையர் ஆன நாள் வரைக்கும் ஷட்டர் ஏத்தி எறக்கியிருக்கேன். தண்ணி வந்துதா வரலியாங்கறது எங்க வேல இல்ல. முறை தவறாம நடந்துதா, அதான் எங்க வேல. ஒரு வருஷம் ஆத்துல பொட்டுத் தண்ணி இல்ல. அப்பவும் நான் முறைய விடல. காஞ்ச ஆத்துல ஷட்டர ஏத்தினேன், காஞ்ச ஆத்துல ஷட்டர எறக்கினேன். ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடயாது. ஏன்னா அந்த வருஷம் வயக்காட்டுல ஆளே இல்ல. அந்த அமைதிய இந்த மன்றத்துக்கும் கொண்டாருவேன்."

கபீர் இதற்குமேல் பொறுக்க முடியாமல் எழுந்தார். மஞ்சள் பையில் இருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சாய்ராமிடம் போனார்.

"தம்பி, அந்த நாலு எண்ண மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

சாய்ராம் அவர் தோளில் கை போட்டுத் திரையைப் பார்க்கத் திருப்பினார். "பாருங்க, எங்க வாடிக்கையாளர். ஸ்டார்ட்அப் தரப்பு."

நுட்பத் தரப்பில் ஒருவர் ஓடி வந்து கபீரின் இன்னொரு கையைப் பிடித்தார். "அவர் கேட்டது டெக்னிக்கல் கேள்வி. கைய எடுரா."

இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கபீரின் சட்டை நடுவில் கிழிந்தது. திரையில் ஹூஸ்டன்காரர் ஏதோ சொல்ல, தரையில் இருந்த அவருடைய மச்சான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி நுட்பத் தரப்புப் பொருளாளரின் தலையில் இறக்கினார். அதன் பிறகு பேச்சில்லை. நாற்காலி, மைக் கம்பி, சமையற்கட்டில் இருந்து கரண்டி, வாழைத்தார், எது கைக்கு வந்ததோ அது. ஒருவரை ரசத் தவலைக்குள் தலைகீழாக முக்கினார்கள். காதில் மாட்டிய மைக்கைக் கழற்றாமல் ஓடியதால் சாய்ராம் அழுதது மண்டபம் முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்டது.

திரையில் ஹஸ்ஸான் பதறினார். "மச்சான், குனிங்க, பின்னாடி." ஆனால் சிங்கப்பூரில் இருந்து சத்தம் வந்துசேரத் தாமதமானது. நாற்காலி முதலில் வந்தது. கபீரின் விலா எலும்பில் விரிசல் விழுந்த பிறகு 'குனிங்க' வந்தது.

அப்போது மணி அடித்தது. மேடையில் இராஜாங்கம் பூஜை மணியை ஆட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் ரத்தம்.

"எல்லாரும் நிறுத்துங்க. இது என்ன காட்டுமிராண்டித்தனம்? ஆளாளுக்கு ஒரே நேரத்துல அடிக்கிறதா?"

எல்லோரும் நின்றார்கள். வெட்கப்பட்டார்கள்.

"முறை வச்சு அடிங்க. மொதல்ல ஸ்டார்ட்அப் தரப்பு அடிக்கும், நுட்பம் வாங்கிக்கும். மணி அடிச்சா ஷட்டர் எறங்கிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த முறை நுட்பம். அவங்க முறையில இவங்க கையத் தூக்கப்படாது. தலைமடை ஆளுங்க மொதல்ல அடிக்கட்டும்."

நம்பினால் நம்புங்கள், அப்படியே நடந்தது. மணி அடித்ததும் ஒரு தரப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றது, மற்றது அடித்தது. மணி அடித்ததும் ஓங்கின கை ஓங்கியபடி நின்றது. ஒருவர் தவறி மணிக்குப் பிறகு ஒரு அறை விட்டுவிட்டார். அவரே மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறையில் ஒரு அடி கூடுதலாக வாங்கிக்கொண்டார். இராஜாங்கத்தின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

ஒருவர் கபீரின் சட்டையைப் பிடித்தார். "நீங்க எந்தப் பிரிவு?"

"நான் டிரையர் வச்சிருக்கேங்க."

அவர் மேடையைப் பார்த்தார். இராஜாங்கம் விதியைப் பார்த்துச் சொன்னார். "பிரிவு முடிவாகல. கடைமடை. ரெண்டு முறையிலயும் மிச்சம் இருக்கறது அவருக்கு."

முதல் முறையின் மிச்சத்தில் கபீருக்கு மூக்கு உடைந்தது. இரண்டாவது முறையின் மிச்சத்தில் பல் போனது. பெட்டியை மட்டும் அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு, தவழ்ந்து, மேடைக்குக் கீழே போனார். அங்கே சாய்ராம் ஒளிந்திருந்தார்.

"தம்பி, இப்ப யாரும் இல்ல. அந்த எண்ணு."

"எந்த எண்ணுண்ணே?"

"பெட்டி கேக்குதே."

சாய்ராம் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது உள்ள இப்படித்தான் இருக்குமா? இதச் செஞ்சவன் ஜெர்மனி போயிட்டாண்ணே. நான் பேட்டி மட்டுந்தான் குடுத்தேன்."

"அவரு போன் நம்பராச்சும் குடுங்க."

"எங்களுக்குள்ள கேஸ் நடக்குது. வக்கீல் பேசக்கூடாதுன்னிருக்கார்."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஹம்சத்வனி உள்ளே வந்தார். புருவம் பிளந்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் ரத்தத்தைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். கைப்பையில் இருந்து சின்னத் திருப்புளி எடுத்து மூடியைத் திறந்தார். போன் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எவ்ளோ அழகான தப்பு பண்ணியிருக்கான். பூட்டோட சாவிய பூட்டுக்குள்ளயே வச்சிருக்கான்."

"சரி பண்ண முடியுமாம்மா?"

"பத்து நிமிஷம் ஆகும்."

கபீருக்குக் கண் கலங்கிவிட்டது. "பண்ணுங்கம்மா. அல்லா உங்கள நல்லா வெப்பான்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, பண்ணப்படாது. அதோட மொதல்ல எழுதணும் சார். ஏழு பகுதியாவது வரும். இப்பவே சரி பண்ணிட்டா எழுத என்ன இருக்கு?"

"எழுதிக்கிட்டே சரி பண்ணுங்கம்மா. நெல்லு மொளச்சிடும்."

"மொளைக்கட்டுமே சார். விளைவுகள்னு ஒரு பகுதி தனியா வேணும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் போட்டோ எடுத்தார்.

மேலே மணி அடித்தது. ஸ்டார்ட்அப் முறை. ஒரத்தநாட்டு அடிக்குப் பதில் அடிக்க வந்திருந்த ஒருவர் கையில் ஆயுதம் இல்லாமல் மேடைக்கடியில் துழாவினார். பெட்டி அகப்பட்டது. நல்ல இரும்பு, கனமாக இருந்தது. கபீர் அதைப் பிடித்து இழுத்தார். வந்தவர் கபீரின் விரலை மிதித்து, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு நுட்பக்காரரின் தாடையில் அடித்தார். தாடை உடைந்தது. பெட்டியும் உடைந்தது. உள்ளே இருந்த பச்சைப் பலகை இரண்டாகப் பிளந்து ரசத்தில் மிதந்தது.

மராமத்து நாள் என்பதால் கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது.

சாயங்காலம் கபீர் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொட்டகைக்கு நடந்து வந்தார். நூர்ஜஹான் அங்கேயே நின்றிருந்தார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சென்ட்டுக் கடைக்காரரு. ரத்த வாடையும் ரச வாடையுமா வந்து நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கை ஒற்றினார்.

முருகையன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். குவியல் முழுவதும் வெள்ளை வேர் விட்டுப் பின்னிக் கிடந்தது. ஆவி பறந்தது. புளித்த வாடை.

"பெட்டி எங்க பாய்?"

"ஒடஞ்சிடுச்சுண்ணே. அடிங்க."

கபீர் நேராக நின்றார். முருகையன் கடப்பாரையை ஓங்கினார். மூக்கைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். இறக்கினார்.

"எங்க அடிக்கிறது? எடமே விடலயே. யாரு பண்ணா?"

"ரெண்டு தரப்பும்."

"எதுக்கு?"

கபீர் சொன்னார். முதல் பக்கம், முறை, கடைமடை, பூட்டுக்குள் சாவி, ஏழு பகுதி, எல்லாவற்றையும் சொன்னார். முருகையன் குறுக்கே பேசாமல் கேட்டார். மடை வெட்டிய தகராறில் இரண்டு தடவை உள்ளே போய் வந்தவர் என்பதால் அவருக்கு ஒன்றும் புரியாமல் இல்லை.

"அந்த மணி அடிச்ச ஆளு வூடு எங்க இருக்கு?"

"மன்னார்குடி."

முருகையன் டிராக்டர் சாவியைத் தேடினார். நூர்ஜஹான் தடுத்தார். "காலையில போங்கண்ணே. ராத்திரி போனா திருடன்னு கட்டி வச்சு அடிப்பாங்க. பகல்ல போனா என்ன விஷயம்னு கேப்பாங்க."

விடிந்ததும் நெல்லை டிப்பரில் அள்ளினார்கள். இராஜாங்கத்தின் வீட்டு வாசலில் முருகையன் டிராக்டரைப் பின்பக்கமாக விட்டு, பின் கதவு வாசற்படிக்கு நேராக வரும்படி நிறுத்தினார். இராஜாங்கம் நெற்றிக் கட்டோடு, கையில் போனோடு வெளியே வந்தார். கபீரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்.

"வாங்க, வாங்க. நானே போன் பண்ணணும்னு இருந்தேன். உங்க கேள்விய ஒரு துணைக்குழுவுக்கு விட்டிருக்கேன். பொங்கலுக்குள்ள எந்தப் பிரிவுன்னு தெரிஞ்சிடும்."

"பெட்டி ஒடஞ்சிடுச்சு சார். நெல்லும் மொளச்சிடுச்சு."

"அடடா. அப்ப கேள்விய வாபஸ் வாங்கறீங்களா? வாபஸ் வாங்கறதுக்கும் பிரிவு தெரியணுமே." போனைத் தடவிப் பார்த்தார். "இன்னிக்குத் திங்கக்கெழம. சாய்ராம் எழுதியிருக்கார் பாருங்க, 'அடி வாங்கியதில் நான் கற்ற ஐந்து பாடங்கள்'. தலைமடையில போயிட்டிருக்கு. நல்ல வரவேற்பு. உங்களப் பத்திக்கூட ஒரு வரி வருது, பேர் இல்லாம."

முருகையன் கடப்பாரையோடு டிராக்டரில் இருந்து இறங்கினார். கபீர் அவர் கையைப் பிடித்தார். மிதிபட்ட விரலால் பிடித்ததால் வலித்தது, ஆனாலும் விடவில்லை.

"அண்ணே, இது என் முறை. நீங்க டிப்பரத் தூக்குங்க."

இராஜாங்கம் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிப்பர் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர் நிமிர்ந்து பின் கதவைப் பார்த்தார், கபீரைப் பார்த்தார்.

"இது என்ன வண்டி? இது ஸ்டார்ட்அப்பா, நுட்பமா?"

கபீர் கடப்பாரையை வாங்கிப் பின் கதவின் கொக்கியை ஓங்கித் தட்டினார். குறுவை முழுவதும் ஒரே சரிவாக இறங்கி வாசற்படியை மூடி, நிலையை உடைத்துக்கொண்டு கூடத்துக்குள் பாய்ந்தது. இராஜாங்கம் அதில் மார்பு வரை புதைந்து நின்றார்.

ஷட்டர் ஏற்றி இறக்கியே ஒரு ஆயுசு போனவர். குவிந்து கிடந்த ஈர நெல் எவ்வளவு சுடும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.